வண்டியும் உரிமமும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இருசக்கர வாகன உரிமத்தைப் பற்றியவை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒரு பேருந்தை விட்டால் அடுத்த பேருந்துக்கு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டிய ஊர்கள் இன்னும் உள்ளன. அங்கெல்லாம் வயலுக்கும் பால் சொசைட்டிக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மொபெட்டும் மோட்டார் சைக்கிளும்தான் துணை. தருமபுரியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருசக்கர வாகனப் பயிற்சி அளித்தவன் என்ற முறையில், தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். சட்டம் என்று நான் குறிப்பிடும் இடங்களில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தையும் 2019-ஆம் ஆண்டில் அதில் செய்யப்பட்ட திருத்தங்களையும் சொல்கிறேன் என்று கொள்ளவும்.

கேள்வி: என் மகனுக்குப் பதினாறு வயது முடிந்து பிளஸ் ஒன் படிக்கிறான். பள்ளிக்கூடம் ஏழு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. வீட்டில் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 நிற்கிறது. பதினாறு வயதானால் மொபெட்டுக்கு லைசென்ஸ் கொடுப்பார்கள், அதற்குள் ஓட்டினாலும் சின்ன வண்டி என்று விட்டுவிடுவார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். கொடுத்து அனுப்பலாமா?
— ஒரு தாய், பாலக்கோடு வட்டம்

பதில்: அனுப்ப வேண்டாம் அம்மா. அக்கம்பக்கத்தார் சொன்னதில் பாதி சரி என்பதால்தான் இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பதினாறு வயது நிறைந்தவர் இருசக்கர வாகனம் ஓட்டலாம் என்று சட்டத்தின் 4-வது பிரிவு சொல்வது உண்மையே. ஆனால் அது எஞ்சின் கொள்ளளவு 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டுமே பொருந்தும். பதினெட்டு வயது நிறையாதவருக்குப் பழகுநர் உரிமம் தருவதற்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் வேண்டும்.

குழப்பம் வண்டியின் பெயரிலிருந்து வருகிறது. ஓசூரில் தயாரான டி.வி.எஸ். 50 மொபெட் 1980-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. அப்போது ஓசூரும் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த வண்டியின் எஞ்சின் உண்மையிலேயே 50 சி.சி. வகையைச் சேர்ந்தது. அதற்குப் பிறகு வண்டி மாறியது, எஞ்சின் பெரிதானது, ஆனாலும் நம் பக்கத்தில் இன்றைக்கும் எந்த மொபெட்டைப் பார்த்தாலும் ‘டி.வி.எஸ். ஃபிஃப்டி’ என்றுதான் சொல்கிறோம். உங்கள் வீட்டில் நிற்கும் எக்ஸ்.எல். 100-இன் கொள்ளளவு 99.7 சி.சி. அதாவது சட்டம் பதினாறு வயதுக்கு அனுமதிக்கும் அளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆர்.சி. புத்தகத்தை எடுத்து ‘கியூபிக் கெபாசிட்டி’ என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். இன்று கடைகளில் கிடைக்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்களும் மொபெட்டுகளும் அனேகமாக இந்த 50 சி.சி. வரம்பைத் தாண்டியவையே. ஆகவே பதினாறு வயதுச் சலுகை ஏட்டில் இருக்கிறதே தவிர, அதைப் பயன்படுத்த ஏற்ற வண்டி உங்கள் வீட்டில் இல்லை.

மீறி ஓட்டினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிறுவர் ஓட்டிய குற்றத்துக்கு, 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, பாதுகாவலரும் வண்டியின் உரிமையாளரும் குற்றவாளிகளாகக் கருதப்படுவார்கள். மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டிய பிள்ளைக்கு இருபத்தைந்து வயது நிறையும் வரை உரிமமே கிடைக்காது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுப்பதற்கு உரிய முயற்சி எல்லாம் எடுத்ததாகவோ நிரூபித்தால் பெற்றோர் தப்பலாம். நீங்களே சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டு அப்படிச் சொல்ல முடியாது. பிளஸ் டூ முடித்து ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக் படித்து ஓசூர் சிப்காட்டில் வேலைக்குச் சேரும் ஒரு பையனுக்கு, இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் இல்லை என்றால் அவன் வாழ்க்கையில் அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை யோசித்துப் பாருங்கள்.

பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு மிதிவண்டி வழங்குகிறது, மாணவர்களுக்கு இலவசப் பேருந்துப் பயண அட்டையும் உண்டு. ஏழு கிலோமீட்டர் சைக்கிள் மிதிப்பது பதினாறு வயதில் முடியாத காரியமல்ல. இந்த இரண்டு ஆண்டு சைக்கிள் பழக்கம் பிறகு மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது அவனுக்கு மிகவும் உதவும் என்பதை என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்கிறேன். நன்றாகச் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு வளைவும் சமநிலையும் உடலிலேயே இருக்கும், நாங்கள் பிரேக்கையும் கிளட்சையும் மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும்.

கேள்வி: எனக்கு வயது நாற்பத்து மூன்று. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். மகளிர் சுய உதவிக் குழு வேலைக்காகப் பல ஊர்களுக்குப் போக வேண்டியிருப்பதால் ஸ்கூட்டர் வாங்கலாம் என்று நினைக்கிறேன். இவ்வளவு குறைந்த படிப்புக்கு லைசென்ஸ் தருவார்களா? புரோக்கர் இல்லாமல் முடியாது என்கிறார்கள். இந்த வயதில் என்னால் பழக முடியுமா என்ற பயமும் இருக்கிறது.
— ஒரு வாசகி, காரிமங்கலம்

பதில்: சகோதரி, இருசக்கர வாகன உரிமத்துக்குக் கல்வித் தகுதி எதையும் சட்டம் கேட்கவில்லை. சாலை விதிகளும் சாலைக் குறிகளும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்பு படித்த உங்களால் அவற்றைத் தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள நிச்சயமாக முடியும்.

முதலில் எல்.எல்.ஆர். என்று நாம் சொல்லும் பழகுநர் உரிமம் வாங்க வேண்டும். பரிவாகன் இணையதளத்தின் ‘சாரதி’ பகுதியிலோ அருகிலுள்ள இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்கலாம். வயதுக்கும் முகவரிக்கும் சான்று தேவை. நாற்பது வயதைத் தாண்டியவர் என்பதால் படிவம் 1ஏ-வில் மருத்துவச் சான்றும் இணைக்க வேண்டும். அடுத்து ஒரு தேர்வு நடக்கும். விதிகளையும் குறிகளையும் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளில் நூற்றுக்கு அறுபது விழுக்காடு சரியாகச் சொன்னால் தேர்ச்சி. மத்திய விதிகளின்படி பழகுநர் உரிமத்துக்கு ஒரு வகை வண்டிக்கு 150 ரூபாய், அதன் தேர்வுக்கு 50 ரூபாய், பிறகு ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு 300 ரூபாய், உரிமத்துக்கு 200 ரூபாய் கட்டணம். இவற்றோடு சேவைக் கட்டணங்களும் சேரும். இந்தக் கணக்கு கையில் இருந்தால், இடையில் ஒருவர் ஐயாயிரம், ஆறாயிரம் என்று கேட்கும்போது அதில் எவ்வளவு அரசுக்குப் போகிறது என்பது உங்களுக்கே விளங்கிவிடும். இருசக்கர வாகனத்துக்கு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் சான்றும் கட்டாயமில்லை, நீங்களே நேரடியாகப் போகலாம். உரிம அட்டை தபாலில் வீட்டுக்கே வரும் என்பதால் முகவரியையும் கைபேசி எண்ணையும் பிழையில்லாமல் எழுதுங்கள்.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். அதைப் பெற்று முப்பது நாள் ஆன பிறகே ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போக முடியும். இந்த முப்பது நாளைக் காத்திருக்கும் காலம் என்று பலர் நினைத்து, எல்.எல்.ஆரை பீரோவில் வைத்துவிட்டு முப்பத்தோராம் நாள் எடுக்கிறார்கள். அது பழகுவதற்கென்றே சட்டம் கொடுத்திருக்கும் காலம். அந்த நாட்களில் வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ எழுத்து இருக்க வேண்டும். பதினெட்டு சென்டிமீட்டர் சதுரப் பலகை என்று அதற்கு அளவே இருக்கிறது. பின்னால் உரிமம் உள்ள பயிற்றுநர் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது. பழகும்போதே பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி, பழகும் முறை. முதல் இரண்டு நாள் எஞ்சினைப் போடவே வேண்டாம். வண்டியின் இடப்பக்கம் நின்று, இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு வாசலைச் சுற்றித் தள்ளிப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு எடுங்கள். ஏறக்குறைய நூறு கிலோ எடையுள்ள வண்டி எந்தப் பக்கம் சாயும், எவ்வளவு சாய்ந்த பிறகு நம் கையில் நிற்காது என்பதை உடம்பு முதலில் அறிய வேண்டும். பயத்தில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். மூன்றாம் நாள் எஞ்சினைப் போடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் ஆக்சிலேட்டரும் முன் பிரேக்கும் ஒரே வலக்கையில் இருக்கின்றன. புதிதாகப் பழகுகிறவர் எதிரே நாயோ குழந்தையோ வந்து பதறும்போது வலக்கையை இறுகப் பிடிக்கிறார். பிரேக் பிடிப்பதாக நினைத்துக்கொண்டே மணிக்கட்டு ஆக்சிலேட்டரை முறுக்கிவிடுகிறது, வண்டி பாய்கிறது. நான் பார்த்த பழகுநர் விபத்துகளில் மிகுதியும் இப்படி நடந்தவையே. ஆகையால் முதல் வாரம் முழுவதும் ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்டி, ஆக்சிலேட்டரை விடுவதையும் இடக்கை பிரேக்கைப் பிடிப்பதையும் ஒரே செயலாகப் பழகுங்கள். அது கைக்கு வந்த பிறகு இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கப் பழகலாம்.

நாற்பத்தெட்டு வயதில் என்னிடம் பழக வந்த அம்மா ஒருவர் இருந்தார். நேராகப் போனால் போவார், திருப்பம் வந்தால் விழுவார். கூடவே நடந்து கவனித்தபோது, அவருடைய கண் முன் சக்கரத்தை விட்டு அகலவே இல்லை என்பது தெரிந்தது. மைதானத்தின் கோடியில் இருந்த புளியமரத்தின் கிளையில் என் சிவப்புத் துண்டைக் கட்டிவிட்டு, ‘சக்கரத்தைப் பார்க்காதீர்கள், துண்டைப் பார்த்துக்கொண்டே வாருங்கள்’ என்றேன். அன்று சாயங்காலம் அவர் விழாமல் திரும்பினார். கண் போகும் இடத்துக்கு வண்டி போகும். உங்கள் ஊரிலும் ஒரு மரம் இருக்கும் சகோதரி, ஒரு துண்டைக் கட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: இரண்டு முறை எட்டு போடும்போது கால் ஊன்றிவிட்டேன். பிரேக் இன்ஸ்பெக்டர் ஃபெயில் போட்டுவிட்டார். மூன்றாவது முறையும் போனால் என்ன ஆகும்?
— ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: ஒரு முறை தவறினால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறை தவறிவிட்டால், கடைசித் தேர்விலிருந்து அறுபது நாள் ஆன பிறகே அடுத்த வாய்ப்பு, அதற்கு முன் ஒரு பயிற்சிப் பள்ளியில் திருத்தப் பயிற்சியும் பெற வேண்டும். அதனால் தம்பி, ஏழாம் நாளே ஓட வேண்டாம், இரண்டு வாரம் பழகிவிட்டுப் போங்கள்.

எட்டில் கால் ஊன்றுகிறவர்கள் பெரும்பாலும் வளைவுக்குள் போன பிறகு ஆக்சிலேட்டரை முழுவதுமாக விட்டுவிடுகிறார்கள். வேகம் செத்தவுடன் வண்டி உள்பக்கம் சாய்கிறது, கால் தானாக இறங்குகிறது. கியர் வண்டியாக இருந்தால் முதல் கியரிலேயே வைத்து, ஆக்சிலேட்டரை ஒரே அளவில் நிறுத்தி, பின் பிரேக்கை மிக மெதுவாக அழுத்தியபடியே வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். முன் பிரேக்கைத் தொடவே கூடாது, ஹேண்டில் திரும்பியிருக்கும்போது அதைப் பிடித்தால் வண்டி அந்த இடத்திலேயே விழும். தலை அடுத்த வளைவை நோக்கித் திரும்பியிருக்கட்டும். எட்டு போட முடிகிறவரால் சந்தைக்கடைத் தெருவில் கூட்டத்துக்கு நடுவே வண்டியை நிதானமாகக் கொண்டுபோக முடியும் என்பதே அந்தத் தேர்வின் பொருள்.

கேள்வி: ஸ்கூட்டரில் டெஸ்ட் கொடுத்து லைசென்ஸ் வாங்கினேன். இப்போது கியர் பைக் வாங்கியிருக்கிறேன். அதே லைசென்ஸ் போதுமா?
— ஒரு வாசகர், பர்கூர்

பதில்: போதாது. கியர் இல்லாத மோட்டார் சைக்கிள் என்றும் கியர் உள்ள மோட்டார் சைக்கிள் என்றும் சட்டத்தில் வகைகள் தனித்தனி. உங்கள் உரிம அட்டையில் முதல் வகை மட்டுமே இருக்கும். கியர் வண்டிக்கு எல்.எல்.ஆர். போட்டு, முப்பது நாள் பழகி, அந்த வண்டியிலேயே ஓட்டிக் காட்டி, கூடுதல் வகையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கார் உரிமம் மட்டும் வைத்துக்கொண்டு பைக் ஓட்டுகிறவர்களும் இதே தவறைச் செய்கிறார்கள். இனிமேல் உரிமம் வாங்கப் போகிறவர்கள் முதலிலேயே கியர் வண்டியில் தேர்வு கொடுத்துவிட்டால், அந்த உரிமத்தில் ஸ்கூட்டரையும் ஓட்டலாம்.

கேள்வி: பெங்களூருவில் வேலை பார்த்தபோது அங்கே வாங்கிய கர்நாடகப் பதிவு பைக்கை இரண்டு வருடமாக ஓசூரில் ஓட்டுகிறேன். லைசென்ஸும் கர்நாடகத்தில் எடுத்ததே. இரண்டையும் மாற்ற வேண்டுமா?
— ஒரு வாசகர், ஓசூர்

பதில்: உரிமத்தை மாற்ற வேண்டியதில்லை, இந்தியாவில் எங்கே எடுத்தாலும் நாடு முழுவதும் செல்லும். முகவரி மாற்றத்தை மட்டும் செய்துவிடுங்கள். வண்டி அப்படியல்ல. வேறு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்குள்ள பதிவு எண் பெற வேண்டும் என்று 47-வது பிரிவு சொல்கிறது. முதலில் பதிவு செய்த அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கி வந்து, ஓசூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்து, இங்கே வரி கட்ட வேண்டும். அதன் பிறகு டி.என். 70 என்று தொடங்கும் எண் கிடைக்கும். அத்திப்பள்ளி வழியாகத் தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்கள் இரண்டு பக்கமும் ஓட்டுகிறோமே என்பார்கள். வண்டி வழக்கமாக எங்கே நிறுத்தி வைக்கப்படுகிறது என்பதே இதில் முக்கியம்.

கேள்வி: நண்பன் அவசரமாகக் கேட்டான் என்று பைக்கைக் கொடுத்தேன். அவனிடம் லைசென்ஸ் இல்லை என்பது பிறகே தெரிந்தது. வழியில் ஒருவர் மீது மோதிவிட்டான். இன்சூரன்ஸ் இருக்கிறதே, எனக்கு என்ன கவலை என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியா?
— ஒரு வாசகர், ஊத்தங்கரை

பதில்: சரியல்ல. உரிமம் இல்லாமல் ஓட்டியவருக்கு 181-வது பிரிவின்படி 5,000 ரூபாய், உரிமம் இல்லாதவருக்கு வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கு 180-வது பிரிவின்படி 5,000 ரூபாய் அபராதம் உண்டு. இரண்டிலும் மூன்று மாதம் வரை சிறைக்கும் இடம் இருக்கிறது. இவை சிறிய தொகைகள். பெரியது நஷ்ட ஈடு. அடிபட்டவரின் குடும்பம் தவித்துப் போகக் கூடாது என்பதற்காக, ஓட்டியவருக்கு உரிமம் இல்லாவிட்டாலும் காப்பீட்டு நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அதை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுவது உண்டு. உச்ச நீதிமன்றத்தின் 2004-ஆம் ஆண்டு சுவரண் சிங் வழக்குத் தீர்ப்பு இதில் முக்கியமானது. அந்தத் தீர்ப்பிலேயே உங்களுக்கு உதவும் ஓர் இடமும் இருக்கிறது. உரிமையாளர் தெரிந்தே, அல்லது கவனமின்றி, உரிமம் இல்லாதவருக்கு வண்டியைக் கொடுத்தார் என்பதைக் காப்பீட்டு நிறுவனம் நிரூபிக்க வேண்டும். ஆகவே நடந்ததை நடந்தபடியே ஒரு வழக்கறிஞரிடம் சொல்லி, தீர்ப்பாயத்தில் இந்த வாதத்தை முன்வைக்கச் சொல்லுங்கள். அடிபட்டவரின் வீட்டுக்கும் ஒரு முறை போய்ப் பாருங்கள், அது சட்டத்துக்காக அல்ல.

மற்ற வாசகர்களுக்கும் இரண்டு விஷயங்கள். உரிமையாளரே ஓட்டி விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் கிடைக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு, அவரிடம் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இருந்தால்தான் பயன்படும். அடுத்து, 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே வாங்கப்படுகிறது. ஐந்து ஆண்டு என்பது மறந்துபோகும் அளவுக்கு நீண்ட காலம். உங்கள் வண்டியின் பாலிசித் தாளை இன்றே எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு அறுபத்திரண்டு வயது. பால் கேனை மொபெட்டில் வைத்து சொசைட்டிக்கு ஊற்றப் போகிறேன். லைசென்ஸ் முடிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. மறுபடியும் எட்டு போட வேண்டுமா?
— ஒரு விவசாயி, அரூர்

பதில்: ஆம் ஐயா. உரிமம் காலாவதியாவதற்கு முன் ஓராண்டுக்குள்ளும் பின் ஓராண்டுக்குள்ளும் புதுப்பிக்க விண்ணப்பித்தால் தேர்வு இல்லை. ஓராண்டைத் தாண்டிவிட்டால் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும். முன்பு காலாவதிக்குப் பிறகு முப்பது நாள் சலுகை இருந்தது, 2019 திருத்தத்துக்குப் பிறகு அது இல்லை. எனவே புதுப்பிக்கும் வரை ஓட்டினால் உரிமம் இல்லாமல் ஓட்டியதாகவே ஆகும். மருத்துவச் சான்றுடன் விண்ணப்பியுங்கள், ஐந்து ஆண்டுகளுக்குத் தருவார்கள். முப்பது வயதுக்குள் எடுத்தவருக்கு நாற்பது வயது வரையிலும், முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் எடுத்தவருக்குப் பத்து ஆண்டுகளும், ஐம்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்குள் எடுத்தவருக்கு அறுபது வயது வரையிலும் செல்லும் என்பது இப்போதைய கணக்கு.

மருத்துவரிடம் போகும்போது கண்ணை நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்குப் பால் ஊற்றப் போகிறவருக்கு எதிரே வரும் லாரியின் விளக்கு கண்ணைக் கூசச் செய்தால், கண்புரை தொடங்கியிருக்கலாம். சான்றுக்குக் கையெழுத்து வாங்கும் சடங்காக அதை முடித்துவிட வேண்டாம்.

கேள்வி: நானும் மனைவியும் இரண்டு குழந்தைகளுமாக ஒரே பைக்கில் ஒகேனக்கல் போய் வருவது வழக்கம். குழந்தைகள் சிறியவர்கள், ஏழு வயதும் மூன்று வயதும். இது குற்றமா?
— ஒரு வாசகர், தருமபுரி

பதில்: குற்றமே. ஓட்டுகிறவரைத் தவிர ஒருவரை மட்டுமே ஏற்றலாம் என்று 128-வது பிரிவு சொல்கிறது. மீறினால் 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாதம் உரிமத் தகுதி இழப்பும் உண்டு. ஒரு பைக்கில்தான் குடும்பம் என்பது பலருக்கு வசதியின்மையால் வருவது என்பதை அறிவேன், குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பென்னாகரத்தைத் தாண்டி ஒகேனக்கல் இறங்கும் மலைப்பாதையில், பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் மூன்று வயதுக் குழந்தை ஒவ்வொரு பிரேக்குக்கும் ஹேண்டிலின் மீது சரிகிறது. அந்த நேரத்தில் உங்கள் கை திரும்புவதற்கே இடமிருக்காது. அந்த ஒரு பயணத்துக்குப் பேருந்தில் போய்விடுங்கள்.

ஒரு குழந்தையை மட்டும் ஏற்றிப் போகும் நாட்களுக்கான விதி இது: நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் தலைக்கவசம் கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கும் அதன் தலைக்கு ஏற்ற கவசம் வேண்டும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுகிறவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2022-இல் அறிவிக்கப்பட்ட இந்த விதி 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. கவசம் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ‘ஐ.எஸ். 4151’ என்ற எண்ணையும் தேடுங்கள். சாலையோரத்தில் நூற்றைம்பது ரூபாய்க்குத் தொங்கும் கவசத்தைக் கையில் எடுத்து உட்புறத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அதில் அடியைத் தாங்கும் கெட்டியான தெர்மோகோல் அடுக்கு இருக்காது, வெறும் பஞ்சும் துணியுமாக இருக்கும். நல்ல கவசத்தைப் போட்டுவிட்டுத் தாடைப் பட்டையைப் பூட்டாமல் விட்டாலும், விழும்போது தலைக்கு முன்பே கவசம் கழன்றுவிடும். பட்டையைப் பூட்டியிருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சேலை கட்டி ஒருபக்கமாக உட்காரும் உங்கள் மனைவிக்காகப் பின் சக்கரத்தைப் பாதியளவாவது மூடும் சேலைக் காப்பும் கைப்பிடியும் கால்தாங்கியும் வண்டியில் இருக்க வேண்டும். புது வண்டி வாங்கியதும் அழகுக்காக அந்தக் காப்பைக் கழற்றிப் போடுகிறவர்கள் தயவுசெய்து அதைத் திரும்ப மாட்டுங்கள்.

கேள்வி: மின்சார ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது உண்மையா?
— ஒரு மாணவி, போச்சம்பள்ளி

பதில்: மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கும் உட்பட்ட வண்டிக்கு மட்டும் உரிமமும் பதிவும் தேவையில்லை. உங்கள் ஊர்ப் பக்கத்திலும் ஓசூரிலும் தயாராகி வெளியே வரும் வேகமான மின் ஸ்கூட்டர்கள் எல்லாம் மோட்டார் வாகனங்களே. பச்சை நம்பர் பலகை மாட்டியிருந்தால் உரிமமும் காப்பீடும் தலைக்கவசமும் வேண்டும் என்று பொருள்.

கேள்வி: சேலத்துக்கு வாரம் இரண்டு முறை ஸ்கூட்டரில் தொப்பூர் கணவாய் வழியாகப் போகிறேன். இறக்கத்தில் பெட்ரோலை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்துவிடுவேன். இதில் ஆபத்து உண்டா? அங்கே எப்படி ஓட்ட வேண்டும்?
— ஒரு வாசகர், நல்லம்பள்ளி

பதில்: பேராபத்து உண்டு, இன்றோடு நிறுத்திவிடுங்கள். தருமபுரியிலிருந்து சேலம் போகும் திசையில் தேசிய நெடுஞ்சாலை 44 அங்கே தொடர்ந்து இறங்குகிறது. சரக்கு லாரிகளில் சில டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கி, பிரேக்கையே நம்பி வந்து, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய், முன்னால் போகும் வண்டிகள் மீது மோதியிருக்கின்றன. இரட்டைப் பாலத்துப் பக்கம் நடந்த விபத்துகளை நம் மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. நீங்கள் ஸ்கூட்டரில் செய்வதும் அதே காரியமே. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் ஆக்சிலேட்டரை விட்டதும் அதன் இழுவை வண்டியை ஓரளவு தடுக்கும். அணைத்துவிட்டால் முழுச் சுமையும் பிரேக் மீது விழும், விளக்கும் ஹாரனும் கூட இல்லாமல் போகலாம், லாரி ஒன்று பின்னால் நெருங்கினால் விலகி முன்னேறவும் வழியில்லை.

இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், இறக்கத்தின் நடுவில் குறைக்க முயல்வது தாமதம். கியர் வண்டியாக இருந்தால் மூன்றாவது கியருக்கு இறக்கிக்கொள்ளலாம். ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துச் சில விநாடி பிடித்து, சில விநாடி முழுதாக விட்டு, மறுபடி பிடித்துப் போக வேண்டும். விரலைப் பிரேக்கிலேயே இறுக்கி வைத்துக்கொண்டு இறங்கினால் டிரம் சூடேறும். கருகிய வாடை வந்தாலோ, பிரேக் லீவர் வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே போனாலோ, உடனே சாலையின் மண் ஓரத்தில் பத்திரமாக நிறுத்தி, கால் மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

இரண்டு லாரிகளுக்கு நடுவில் ஒருபோதும் போகாதீர்கள், லாரிக்கு நேர் முன்னாலும் வேண்டாம். இடது ஓரத்தைப் பிடித்து, கண்ணாடியில் பின்னால் வருவதைப் பார்த்துக்கொண்டே இறங்குங்கள். ஹாரனை விடாமல் அடித்தபடி ஒரு லாரி வந்தால், வழி கேட்கிறான் என்று எண்ணாமல், பிரேக் போய்விட்டது என்றே எண்ணி, சாலையை விட்டு வெளியே இறங்கி நின்றுவிடுங்கள். மழை நாளில் காலையில் புறப்பட வேண்டியிருந்தால், தருமபுரி பேருந்து நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு சேலம் பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.